பியேர் டி பெர்மா

பியேர் டி பெர்மா (இறப்பு: சனவரி 12, 1665) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆவார். இவர் துலூசு நகர உயர் நீதிமன்றத்தில் 1631 முதல் பணியாற்றினார். கணிதம் இவரது ஓய்வுநேர ஈடுபாடு. தம் முடிவுகளைப் பெரும்பாலும் நிறுவல் இன்றி, மெர்சென் முதலியோருக்குக் கடிதம் வழியே அறிவித்தார்.

பகா எண்கள்

ப ஒரு பகா எண் எனில், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் (ப−1) அடுக்குக்கு உயர்த்தி ப-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என 1640இல் கூறினார். இது பெர்மாவின் சிறிய தேற்றம் எனப்படுகிறது. 2³⁷−1 என்னும் மெர்சென் எண்ணின் பகாக் காரணிகள் 74இன் மடங்கோடு 1 கூட்டிக் கிடைப்பவை. 75, 149, 223 என்னும் இவ்வரிசையில் 223 அதன் காரணி என்பதைப் பெர்மா கண்டறிந்தார். எஞ்சும் ஈவான 616318177 ஒரு பகா எண்ணாகும்.

பொய்த்த ஊகம்

3, 5, 17, 257, 65537 ஆகியவற்றைத் தொடரும் 4294967297உம் பகா எண் எனப் பெர்மா கருதினார். 641 அதன் காரணி என ஆய்லர் 1732இல் காட்டினார். ஆயினும் 2ஐ 4294967296 அடுக்குக்கு உயர்த்தி அவ்வெண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறது. எனவே மீதி 1 வராத எண் பகு எண் என்பது உறுதி. மீதி 1 வருவது மட்டும் பகா எண் என்பதற்குச் சான்றாகாது.

கணினிக் காலத்தில்

மெர்சென் பகா எண்களைத் தன்னார்வலர்களின் கணினிகள் கொண்டு தேடும் கூட்டுமுயற்சி 1996இல் தொடங்கியது. காரணி தெரிந்த மெர்சென் எண்களை அக்காரணிகளால் வகுத்தபின் எஞ்சும் ஈவு, பெர்மாவின் தேற்றத்தை ஒட்டிய சோதனைக்கு உட்படுத்தப்படுகிறது. அதில் தேறும் ஈவு 'பகா எண்ணாக இருக்கக்கூடியது' என்றே பதியப்படும். பகா எண் என உறுதிசெய்யத் தனி நிறுவல் தேவை.