நரம்பணுவைக் கண்ட கஹால்

மனித உடலின் உறுப்புகளுள் தலைமை பெற்றது மூளை. காண்பதும் கேட்பதும், நினைப்பதும் நினைவில் வைப்பதும், கை கால்களை இயக்குவதும் அதன் செயல்களே. ஆயினும், அம்மூளை எவற்றால் ஆனது, அதன் நுண்ணிய பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்பு கொள்கின்றன என்பன பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரையில் புரியாத புதிர்களாகவே இருந்தன. அப்புதிர்களை விடுவித்தவருள் முதன்மையானவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் ஆவார்.

கஹால் 1852ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள், ஸ்பெயினின் வடபகுதியில் உள்ள பெத்தில்லா தே அரகோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அறுவை மருத்துவர். எளிய குடியில் பிறந்து, தம் உழைப்பால் கற்று உயர்ந்தவர். தம் மகனும் மருத்துவனாக வேண்டும் என்பதே அவரது பெருவிருப்பம். மகனின் உள்ளமோ ஓவியத்தையே நாடியது. கிடைத்த தாளிலும் சுவரிலும் சிறுவன் கஹால் படம் வரைந்தான். ஓவியம் வயிற்றுக்கு உதவாத வீண் வேலை என்று தந்தையார் அதனைத் தடுத்தார்.

பள்ளியிலும் கஹால் நல்ல மாணவன் என்று பெயர் எடுக்கவில்லை. பதினோராம் வயதில், தானே செய்த பீரங்கியைக் கொண்டு அண்டை வீட்டாரின் தோட்டக் கதவைத் தகர்த்தான். அதற்காகச் சில நாள் சிறையிலும் இருந்தான். மகனைத் திருத்த எண்ணிய தந்தையார், அவனை ஒருகால் முடிதிருத்துவோரிடத்தும், மற்றொருகால் செருப்புத் தைப்போரிடத்தும் தொழில் பழக விட்டார்.

1868ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. தந்தையார் அவரைப் பழைய இடுகாட்டிற்கு அழைத்துச் சென்று, அங்குக் கிடந்த எலும்புகளைக் காட்டி உடற்கூற்றைக் கற்பிக்கலானார். கஹால் அவ்வெலும்புகளை ஒவ்வொன்றாக வரைந்தார். வரைய வரைய அவற்றின் அமைப்பில் அவருக்கு ஆர்வம் பிறந்தது. தந்தையின் விருப்பமும் மகனின் கலையும் அன்று ஒன்றுபட்டன. பகையென்று கருதப்பட்ட ஓவியமே பின்னாளில் அவருடைய அறிவியலுக்குத் துணையாயிற்று.

கஹால் 1873ஆம் ஆண்டில் சரகோசா நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, படை மருத்துவராகக் கியூபாவிற்கு அனுப்பப்பட்டார். அங்கு மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவரை வாட்டின. 1875ஆம் ஆண்டில் உடல் மெலிந்து நாடு திரும்பினார். கியூபாவில் ஈட்டிய பணத்திலிருந்து ஒரு நுண்ணோக்கியை வாங்கித் தம் இல்லத்திலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். பின்னர்க் காச நோயும் அவரைப் பற்றியது, அதிலிருந்தும் மீண்டார்.

1883ஆம் ஆண்டில் கஹால் வலென்சியாவில் உடற்கூற்றுப் பேராசிரியரானார். இரண்டாண்டுகளுக்குப் பின் அந்நகரில் வாந்திபேதி பரவியபோது, அந்நோயை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அத்தொண்டைப் பாராட்டிச் சரகோசா ஆட்சியாளர் உயர்ந்த நுண்ணோக்கி ஒன்றை அவருக்குப் பரிசளித்தனர்.

அக்காலத்து அறிஞர் பலர், மூளையின் இழைகள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்து, மீன்வலைபோல் முடிவின்றித் தொடர்கின்றன என்று நம்பினர். இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்கி அக்கொள்கையினர். அவர் 1873ஆம் ஆண்டில் ஓர் அரிய சாயமுறையைக் கண்டறிந்திருந்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் பதப்படுத்தி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டால், எண்ணற்ற அணுக்களுள் மிகச் சிலவே கருநிறம் கொள்ளும். அதனால் தனி அணுவின் உருவம் தெளிவாகத் தெரியும். இம்முறையில் அமைந்த தகடுகளைக் கஹால் 1887ஆம் ஆண்டில் மத்ரித் நகரில், சிமாரோ என்னும் மருத்துவரிடம் கண்டு வியந்தார்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. வளர்ந்த மூளையின் இழைகள் அடர்ந்து பின்னிக் கிடக்கும். அவற்றைச் சூழ்ந்த கொழுப்புறை சாயத்தையும் தடுக்கும். முதிர்ந்த காட்டினுள் ஒரு மரத்தின் வேரையும் கிளையையும் பிரித்தறிதல் அரிது; இளங்கன்றாக இருக்கும்போது அறிதல் எளிது. இவ்வாறு எண்ணிய கஹால், கோழிக் கருவையும் பறவைக் குஞ்சுகளையும் விலங்குக் குட்டிகளையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். சாயமும் ஒருமுறைக்கு இருமுறை ஏற்றினார். 1888ஆம் ஆண்டில் பார்சிலோனா நகரில் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்தபோது உண்மை விளங்கியது. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்த ஒன்று, அதன் இழை மற்றொன்றை நெருங்குகிறது, அதனோடு கலந்துவிடுவதில்லை.

இம்முடிவை வெளியிட அவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஓர் இதழைத் தொடங்கினார். முதல் இதழில் அச்சானவை 60 படிகளே. அவற்றை அயல்நாட்டு அறிஞர்க்கு அனுப்பினார். ஸ்பானிய மொழி அறிந்தார் சிலராதலின் அதனைக் கருதுவார் இலர். கஹால் சோர்ந்துவிடவில்லை. 1889ஆம் ஆண்டில் தம் நுண்ணோக்கியையும் தகடுகளையும் சுமந்துகொண்டு பெர்லின் மாநகரில் கூடிய உடற்கூற்று அறிஞர் பேரவைக்குச் சென்றார். முதுபேரறிஞர் கோலிக்கர் அத்தகடுகளைக் கண்டு உண்மையை ஏற்றார். 1891ஆம் ஆண்டில் வால்டேயர் என்பார் நரம்பணுவிற்கு நியூரான் என்னும் பெயரைச் சூட்டினார்.

நரம்பணு தனித்தது எனின், அதன் இழை கருவில் வளரும்போது தன் இலக்கை எவ்வாறு சென்றடைகிறது? இவ்வினாவையும் கஹால் ஆராய்ந்தார். 1890ஆம் ஆண்டில், கோழிக் கருவின் தண்டுவடத்தில் வளரும் இழையின் நுனி கூம்புபோல் விரிந்திருப்பதைக் கண்டு, அதனை வளர்கூம்பு என வழங்கினார். சில பொருள்கள் தம் வேதித் தன்மையால் அந்நுனியை ஈர்த்து வழிகாட்டுகின்றன என்று 1892ஆம் ஆண்டில் கருத்துரைத்தார். அக்காலத்தில் அதனை மெய்ப்பிக்கும் கருவி எவரிடத்தும் இல்லை. பின்னர், ஹாரிசன் என்னும் அமெரிக்கர் தவளைக் கருவின் நரம்பிழை உயிரோடு வளர்வதைக் கண்ணாற்கண்டு 1907ஆம் ஆண்டில் வெளியிட்டார். வழிகாட்டும் பொருள்களுள் நெட்ரின் என்னும் புரதங்கள் 1994ஆம் ஆண்டில் பிரித்தறியப்பட்டன. கஹாலின் கருத்து உறுதிப்பட ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

நரம்பு அறுபட்டால் மீண்டும் வளருமா என்பதும் அவர் ஆய்வுகளுள் ஒன்று. கை கால்களின் நரம்பு மீள வளர்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழை சிறிது தளிர்த்து நின்றுவிடுகிறது. அங்குத் தடையாக இருப்பது சூழலே என்று அவர் கருதினார். தண்டுவடம் முறிந்து நடக்க இயலாதார்க்கு வழி காண முயலும் இன்றைய ஆய்வாளரும் அத்தடையை நீக்கவே பாடுபடுகின்றனர்.

1906ஆம் ஆண்டில் கஹாலுக்கும் கோல்கிக்கும் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. பரிசு பெற்ற மேடையிலும் கோல்கி நரம்பணுக் கொள்கையை மறுத்தே பேசினார். மறுநாள் பேசிய கஹால், தாம் கண்ட சான்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தார். ஒருவர் கண்ட முறையைக் கொண்டே மற்றொருவர் அவர் கொள்கையை வென்றது அறிவியல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும். 1950களில், எலக்ட்ரான் நுண்ணோக்கி நரம்பணுக்களிடையே உள்ள இடைவெளியைக் காட்டியது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே. சில அணுக்களிடையே நேரான இணைப்புகள் உண்டு என்பதும் பின்னர் அறியப்பட்டது. ஆயினும் கஹாலின் கொள்கையே நரம்பியலின் அடிப்படையாக நிலைபெற்றது.

கஹால் 1934ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17ஆம் நாள் மத்ரித்தில் காலமானார். அவர் கையால் வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் இன்றும் அறிவியல் நூல்களை அணிசெய்கின்றன. தொடக்கக் காலத்தில் செல்வமும் சிறந்த ஆய்வுக்கூடமும் அவருக்கு வாய்க்கவில்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும், கண்டதை வரையும் கையும், தளராத உள்ளமுமே அவர் பெற்ற செல்வங்கள். அவற்றைக் கொண்டே அவர் மூளையின் கட்டமைப்பை உலகிற்கு உணர்த்தினார். முதிர்ந்த ஒன்றை அறிய விரும்புவோர் அதன் இளமையை நோக்க வேண்டும் என்பதே அவர் ஆய்வு காட்டிய நெறியாகும்.