ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்: எண்களுக்கு உருவம் கொடுத்தவர் (1820-1910)

நைட்டிங்கேல் என்றதும் பள்ளிப் பாடநூலில் படித்த கைவிளக்கேந்திய காரிகைதான் நம்மில் பலருக்கு நினைவில் எழுவார். ஆனால் அவர் போர்க்கால மருத்துவமனையில் விளக்கோடு நடந்த காலம் இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அதன்பின் வாழ்ந்த 54 ஆண்டுகளில் பெரும்பகுதி எண்களோடும் அறிக்கைகளோடும் கழிந்தது. அந்தப் பகுதியைப் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 1820 மே 12 அன்று செல்வந்த ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரே பெயராயிற்று. தந்தையே பாடம் சொல்லித் தந்தார். சிறுமிக்குக் கணக்கில் தீராத மோகம். தாதியாகப் போகிறேன் என்றபோது தாயும் தமக்கையும் கடுமையாக எதிர்த்தனர். அக்காலத்தில் அது நற்குடிப் பெண்கள் செய்யும் வேலையல்ல. 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையத்தில் பயிற்சி பெற்றே தீர்ந்தார்.

கிரிமியப் போர் மூண்டதும், 1854 நவம்பரில் 38 தாதியருடன் இஸ்தான்புல்லின் எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரிக்கு வந்து சேர்ந்தார். மாபெரும் படைவீடு ஒன்று அங்கே மருத்துவமனையாகியிருந்தது. அடியில் அடைபட்ட சாக்கடைகள். அழுக்குத் துணியும் பட்டினியும் நெரிசலுமாக இருந்த இடத்தில் அவர் சமையலையும் சலவையையும் சீர்செய்தார். இருந்தும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகே மரணங்கள் வேகமாகச் சரிந்தன.

நாடு திரும்பியபின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து கணக்குகளை அலசினார். 1855 ஜனவரியில் கிழக்கே இருந்த படையின் சராசரி எண்ணிக்கை 32,393. அம்மாதம் காயத்தால் மாண்டவர் 83 பேர். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டவர் 2,761 பேர். அதே வேகம் ஓராண்டு நீடித்திருந்தால் நோய் ஒன்றே படை முழுவதையும் விழுங்கியிருக்கும். எதிரியின் குண்டு செய்த வேலை அற்பம்.

தம் பொறுப்பிலிருந்த மருத்துவமனையிலேயே இத்தனை பேர் வீணாக மாண்டார்கள் என்ற உண்மை அவரை உள்ளுக்குள் உடைத்துவிட்டது என்பது ஆய்வாளர் ஹியூ ஸ்மாலின் வாதம். பிற அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. உடைந்தாரோ இல்லையோ, அந்தக் கணக்கை அவர் மூடி வைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

வறண்ட எண்களே போதும் என்பது ஃபாரின் கட்சி. அம்மையாரோ அமைச்சர்களும் அரசியாரும் அட்டவணைகளைப் புரட்டமாட்டார்கள் என்று அறிந்திருந்தார். 1858-இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் ஆண்டுக்கொரு வட்டம், மாதத்துக்கொரு ஆப்பு. நீலம் நோய்ச் சாவு, சிவப்பு காயச் சாவு, கறுப்பு பிற. முதலில் வரைந்த ஒரு வடிவத்தில் ஆரத்தின் நீளமே எண்ணிக்கையைக் காட்டியது. நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிக் கண்ணை ஏமாற்றும் அல்லவா? ஆகவே அதைக் கைவிட்டு, பரப்பே எண்ணிக்கையைக் காட்டும்படி மாற்றினார். தம் வாதத்துக்குச் சாதகமான மிகையைத் தாமே களைந்த நேர்மை அது. அதே ஆண்டில் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

அடுத்து இந்தியா. இங்கிருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு 1000-க்கு 69 பேர் மாண்டுகொண்டிருந்ததை 1863-இல் அரச விசாரணைக் குழு அறிக்கை வெளிப்படுத்தியது. அதன் பின்னணியில் உழைத்தவர் இவரே. வீரர்களில் தொடங்கிய அக்கறை குடிமக்களிடம் நகர்ந்தது. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் மடிந்தபோது, காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டனின் பக்கம் நின்று, பாசனத்துக்காக எழுதிக்கொண்டேயிருந்தார். இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. போரில் பிடித்த காய்ச்சலின் பின்விளைவால் பல்லாண்டுகள் படுக்கையிலேயே வேலை.

ஆக்ஸ்ஃபோர்டில் சமூகப் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி வேண்டுமென்று 1891-இல் ஃபிரான்சிஸ் கால்டனோடு முயன்றார். கைகூடவில்லை. 1910 ஆகஸ்ட் 13 அன்று மறைந்தார்; அவர் விருப்பப்படியே வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய மரியாதை தவிர்க்கப்பட்டு, ஈஸ்ட் வெல்லோ கிராமத்தில் அடக்கம் நடந்தது.

அவருடைய 24 மாதக் கணக்கு இன்று ஆர் என்னும் கணினி மொழிக்கான தரவுத் தொகுப்பொன்றில் இருக்கிறது. மாணவர்கள் அதை எடுத்துத் திரையில் நீல ஆப்புகளை மீண்டும் வரைகிறார்கள். சுட்டியை 1855 ஜனவரி மேல் நகர்த்தினால் 2,761 என்று எழுகிறது.