நாணயம் காத்த மந்திரி

பௌதிகம் பயிலும் எனக்குப் பொருளாதாரத்தில் ஆர்வமூட்டியது அலெக்சாண்டர் ஹாமில்ட்டனின் வாழ்க்கை. மேற்கிந்தியத் தீவொன்றில் பிறந்து, இளமையிலேயே அன்னையை இழந்து, வணிகரிடம் கணக்கெழுதிப் பிழைத்தவர் அவர். கல்வி நாடி நியூயார்க் சென்றார். விடுதலைப் போரில் வாஷிங்டனுக்குத் துணைநின்றார்.

1789-இல் அவர் அமெரிக்காவின் முதல் நிதி மந்திரியானபோது கஜானா கடனில் மூழ்கியிருந்தது. போர்வீரர்களுக்குச் சம்பளத்துக்கு ஈடாகத் தந்த பத்திரங்கள் அடிமாட்டு விலைக்கு விற்றன. மாநிலங்களின் போர்க்கடனையும் மத்திய சர்க்காரே ஏற்று, பத்திரங்களின் முழு மதிப்புக்கும் பொறுப்பாக வேண்டும் என்று 1790-இல் திட்டம் வகுத்தார். வட்டிக்குச் சுங்கவரி கைகொடுத்தது. பத்திர விலை உயர்ந்தது, அயல்நாட்டாரும் முதலிட்டனர். 1791-இல் தேசிய வங்கி எழுந்தது. 1792-இல் விலைகள் சரிந்தபோது சர்க்காரையே பத்திரங்கள் வாங்கச் செய்து பீதியைத் தணித்தார்.

ஆனால் ஆதாயம் யாருக்கு? வறுமையால் பத்திரத்தை விற்றுவிட்ட வீரனுக்கு ஒன்றுமில்லை. வாங்கிக் குவித்தவன் கொழித்தான். வீரனுக்கும் பங்கு வேண்டுமென்று வாதாடிய மாடிசன் தோற்றார். பத்திரம் கைமாறினாலும் சர்க்காரின் வாக்கு மாறலாகாது என்றார் ஹாமில்ட்டன். 1804-இல் உப ஜனாதிபதி ஆரன் பர்ருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு மாண்டார்.

காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் நாணயம் என ஒரே சொல். சர்க்காரின் நாணயம் நிலைத்தால்தான் வாணிபம் தழைக்கும் என்பதை அவர் வாழ்வில் கற்றேன். எனினும், அந்த ஏழை வீரனை மறக்க என்னால் இயலவில்லை.