சோரா ஹர்ஸ்டன் அம்மையார்

மக்கட் கூட்டங்களின் வாழ்க்கை முறை, வழக்கம், நம்பிக்கை, கதை, பாட்டு ஆகியவற்றை முறையாக ஆராயும் அறிவுத்துறை மானிடவியல் எனப்படும். தொலைநாடுகளுக்குச் சென்று அயலார் வாழ்க்கையை ஆராய்ந்தோர் இத்துறையிற் பலர். தாம் பிறந்து வளர்ந்த ஊரையே ஆராயப் புகுந்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பினத்தில் தோன்றிய சோரா நீல் ஹர்ஸ்டன் அம்மையார்.

அவர் அலபாமா மாநிலத்து நோட்டசல்கா என்னும் சிற்றூரில் 1891-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஜான் ஹர்ஸ்டன் தச்சுத்தொழில் வல்லவர். கிறித்தவ சமயப் போதகரும் ஆவார். தாயார் லூசி அம்மையார் முன்னர் ஆசிரியப் பணி புரிந்தவர். எண்மர் மக்களுள் சோரா ஐந்தாமவர். அவர் குழவிப் பருவத்தினராய் இருந்தபோதே அக்குடும்பம் ஃபுளோரிடா மாநிலத்து ஈட்டன்வில் என்னும் ஊரிற் குடியேறியது.

ஈட்டன்வில் 1887-இல் தனி நகராக அமைக்கப்பெற்றது. நகரத் தலைவர் முதல் கடைக்காரர் வரை அவ்வூரார் அனைவரும் கறுப்பினத்தவரே. பிற இடங்களிற் கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டு இழிவுற்றிருந்த அக்காலத்தில், அவ்வூர்ச் சிறுவர் தலைநிமிர்ந்து வளர்ந்தனர். ஊர் நடுவில் ஒரு கடை இருந்தது. மாலைப் பொழுதில் அதன் திண்ணையில் ஊரார் கூடிக் கதை பேசுவர். விலங்குகள் மாந்தரைப்போற் பேசும் கதைகளும், அடிமைகளாய் உழன்ற முன்னோர் தம் ஆண்டைகளைச் சூழ்ச்சியால் வென்ற கதைகளும் அங்கு வழங்கின. பொருள் வாங்க அனுப்பப்பட்ட சிறுமி சோரா, காலம் தாழ்த்தி நின்று அவற்றைச் செவிமடுப்பாள். அவை போற்றிக் காத்தற்குரிய செல்வம் என்று அன்று எவரும் எண்ணவில்லை, சோராவும் எண்ணவில்லை.

1904-ஆம் ஆண்டில் தாயார் இறந்தார். அப்பொழுது சோராவுக்கு வயது பதின்மூன்று. தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். ஜாக்சன்வில் நகரப் பள்ளியிற் படித்த மகளுக்குக் கட்டணம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். அதனாற் படிப்பு நின்றது. அதன்பின் பல ஆண்டுகள் சோரா பிறர் இல்லங்களிற் பணிப்பெண்ணாக உழைத்தார். ஊர்தோறும் சென்று நடிக்கும் நாடகக் குழு ஒன்றில் நடிகை ஒருவர்க்கு ஏவற்பணி செய்தார். எனினும் கற்கவேண்டும் என்னும் வேட்கை அவரை விட்டு நீங்கவில்லை.

1917-இல் அவர் பால்டிமோர் நகரை அடைந்தார். அங்குக் கறுப்பின இளைஞர்க்கு இருபது வயது வரையே இலவசக் கல்வி வழங்கப்பட்டது. அவருக்கோ வயது இருபத்தாறு. ஆதலின் தாம் 1901-இற் பிறந்ததாகக் கூறிப் பள்ளியிற் சேர்ந்தார். பொய்யுரைத்தல் போற்றத்தக்கதன்று. ஆயினும், பத்தாண்டுகளைப் பொய்யால் மறைத்தாலன்றி ஒரு பெண் பள்ளிக்குள் நுழைய இயலாதிருந்த நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னர் வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். முடிதிருத்தகம் ஒன்றில் வாடிக்கையாளரின் கைந்நகங்களை ஒப்பனை செய்து, அவ்வருவாயைக் கொண்டு படித்தார். அங்கேதான் கதை எழுதவும் தொடங்கினார்.

1925-இல் நியூயார்க் நகரில் ஓர் இலக்கியப் போட்டியில் அவர் பரிசுகள் பெற்றார். அவ்விழாவில் அவரைக் கண்டு வியந்தார் ஆனி நேத்தன் மேயர் அம்மையார். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பர்னார்டு மகளிர் கல்லூரியை நிறுவுவதில் முன்னின்றவர் அவ்வம்மையார். அவர் முயற்சியால் அவ்வாண்டே சோராவுக்கு அக்கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரி முழுவதிலும் கறுப்பின மாணவி அவர் ஒருவரே. உடன் பயின்றோர் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய செல்வர் வீட்டு மகளிர். சோராவுக்கு வயது முப்பத்து நான்கு.

இலக்கியம் கற்கும் எண்ணத்துடன் சென்ற அவர், மானிடவியற் பாடமும் கேட்டார். அவர் எழுதிய கட்டுரையொன்று பேராசிரியர் பிரான்ஸ் போவாஸ் அவர்களின் பார்வைக்குச் சென்றது. செருமனியிற் பிறந்த அப்பெரியார் அமெரிக்க மானிடவியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். மக்களினங்களுள் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்றும், வேறுபாடுகள் வரலாற்றாலும் சூழ்நிலையாலும் விளைந்தவை என்றும் அவர் வாதிட்டு வந்தார். மண்டையோட்டின் அளவைக் காட்டிக் கறுப்பினத்தாரை அறிவிற் குறைந்தவர் எனச் சிலர் பேசிய காலம் அது. அக்கூற்றை ஆராய்வதற்காகச் சோரா அளவுகோலுடன் ஹார்லம் தெருக்களில் நின்று, வழிப்போக்கரின் தலைகளை அளந்தார்.

கண்ணுக்கு மிக அருகிலுள்ள பொருளைக் கண் காண்பதில்லை. திண்ணைக் கதைகளுக்கும் சோராவுக்கும் இருந்த உறவு அத்தகையது. மானிடவியற் கல்வி அவரைச் சற்றே விலகி நின்று காணச் செய்தது. பொழுதுபோக்கு எனத் தாம் கேட்ட கதைகள், ஓரினம் துன்பத்தினிடையே தன் மானத்தையும் நகையுணர்வையும் காத்துக்கொண்ட கருவிகள் என அவர் உணர்ந்தார்.

1927-இன் தொடக்கத்தில், 1,400 டாலர் உதவித்தொகையுடன் அவர் ஃபுளோரிடாவுக்குச் சென்றார். ஆனால் அம்முதற் பயணம் பயன் தரவில்லை. கல்லூரி நடையிற் பேசிப் பாட்டும் கதையும் உண்டா என வினவிய அவரிடம், மக்கள் ஒன்றும் அறியாதார்போல் நடந்துகொண்டனர். அவ்வாண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றின் பெரும்பகுதி, வேறொருவர் நூலினின்று எடுக்கப்பட்டது என்பதும் பின்னாளில் தெரியவந்தது. அது கற்றோர்க்கு அடாத செயலே.

ஆயினும் அவர் தளர்ந்து ஒதுங்கவில்லை. அக்கட்டுரைக்கு உரியவரான கொசோலா என்னும் முதியவரை மீண்டும் நாடிச் சென்றார். 1860-இல் குளோட்டில்டா என்னும் கப்பலில் ஆப்பிரிக்காவினின்று அடிமையாகக் கொணரப்பட்டு, அந்நாள் வரை எஞ்சியிருந்த மிகச் சிலருள் ஒருவர் அவர். சோரா அவரை அவருடைய தாய்நாட்டுப் பெயராலேயே அழைத்தார். பழங்கள் கொண்டு சென்று உடனிருந்து உண்டார். முதியவர் பேச விரும்பாத நாட்களில் வற்புறுத்தாது திரும்பினார். இவ்வாறு பொறுமையுடன் கேட்டு அவர் வரலாற்றை எழுதினார்.

1928-இல் சோரா பட்டம் பெற்றார். அவ்வாண்டில் ஃபுளோரிடாவின் லாஃமன் என்னும் இடத்து மரம் அறுக்கும் தொழிலாளரிடையே தங்கினார். ஏனைய பெண்கள் 1.98 டாலர் விலையுள்ள ஆடை அணிந்திருக்க, அவர் 12.74 டாலர் ஆடையும் சொந்தக் காருமாக விளங்கியமையால், அவரை ஒற்றர் என ஐயுற்றனர். அவர் தொழிலாளருடன் சேர்ந்து அவர்தம் பாட்டைப் பாடியபின்னரே அவ்வையம் நீங்கியது. பின்பு கதைகள் வெள்ளமெனப் பெருகின. அவை 1935-இல், பேராசிரியர் போவாஸின் முன்னுரையுடன் நூலாக வெளிவந்தன. கறுப்பின மக்களின் பேச்சு நடை ஒளிரும் அவருடைய சிறந்த நாவல் 1937-இல் வெளிவந்தது.

கொசோலாவின் வரலாற்றை, அம்முதியவரின் கொச்சை மொழியை மாற்றினால் வெளியிடலாம் எனப் பதிப்பாளர் கூறினர். சோரா அதற்கு இசையவில்லை. ஒருவரின் மொழியைப் பறித்தபின் அவர் வரலாறு அவருடையதாகாது என்பது அவர் கருத்து. 1931-இல் எழுதி முடிக்கப்பட்ட அந்நூல் 2018-இலேயே அச்சேறியது.

பிற்காலத்தில் வறுமை அவரை மீண்டும் சூழ்ந்தது. 1950-இல் மறுபடியும் பணிப்பெண்ணாக உழைத்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் ஃபோர்ட் பியர்ஸ் நகரத்து அறநிலையம் ஒன்றில் இயற்கை எய்தினார். அன்பர்கள் பொருள் திரட்டி அடக்கம் செய்தனர். கல்லறைக்குக் கல் இல்லை. 1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அம்மையார், புதர் மண்டிய இடுகாட்டில் அவ்விடத்தைத் தேடிக் கண்டு கல் நாட்டினார். அக்கல்லில் சோரா பிறந்த ஆண்டு 1901 எனப் பொறிக்கப்பட்டுள்ளது. பள்ளியிற் சேர்வதற்காக அவர் மறைத்த பத்தாண்டுகள் கல்லிலும் மறைந்தே நிற்கின்றன.

பெருங்கல்வி கற்றோர் தம் ஊரை மறத்தல் உலகில் எளிது. சோரா அம்மையார் கல்வியாலேயே தம் ஊரைக் கண்டார். தம்மிலும் கல்லாதார் முன் மாணவராய் அமர்ந்து கேட்கக் கற்றபோதுதான் அவர் கற்ற கல்வி நிறைவெய்தியது.