வீணை பாலசந்தர்: மனச்சாட்சியைத் திரையில் தேடிய கலைஞர்

நம் நாட்டில் குழந்தைக்குத் தெய்வத்திற்கு அடுத்த இடம். பேசும்படம் தோன்றிய காலந்தொட்டு நம் திரையில் வந்த பிள்ளைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! பிரகலாதன், துருவன், மார்க்கண்டேயன், கண்ணன் என்று வரிசை நீளும். கண்ணன் வெண்ணெய் திருடினாலும் அது லீலை, குற்றம் அல்ல. பொல்லாத பிள்ளை, மனச்சாட்சி என்பதே இல்லாத பிள்ளை ஒன்று உண்டு என்னும் எண்ணத்தை நம் படங்கள் நெடுங்காலம் வாசற்படிக்குள் விடவில்லை.

மேல்நாட்டார் விட்டனர். 1954 ஏப்ரலில் வில்லியம் மார்ச் என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘தி பேட் சீட்’ என்னும் நாவலை வெளியிட்டார். எட்டு வயதுச் சிறுமி, பின்னிய சடை, பெரியவர்களிடம் அளவற்ற பணிவு. அழகாக எழுதுவதற்கென்று பள்ளியில் கொடுத்த பதக்கம் தனக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக உடன் படிக்கும் சிறுவனைக் கொல்கிறாள். பிறகு ஒன்றும் நடவாதது போல் விளையாடப் போகிறாள். கொலைகாரியான பாட்டியின் இரத்தமே பேத்தியிடம் பேசுகிறது என்பது நாவலின் வாதம். அது அவ்வாண்டே நாடகமாயிற்று. 1956-இல் மெர்வின் லீராய் அதைப் படமாக்கினார். பால் வடியும் முகமுள்ள கொலைகாரப் பிள்ளைகளைக் காட்டும் மனோதத்துவ மர்மப் படங்கள் பலவற்றிற்கு அதுவே முன்னோடி.

அதே 1954 ஏப்ரலில், 13-ஆம் நாள், தமிழில் ஒரு படம் வெளியாயிற்று. அதில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. மனச்சாட்சி இழந்த படிப்பாளி ஒருவனைப் பற்றிய படம் அது. பெயர் ‘அந்த நாள்’. அதை இயக்கியவருக்கு அப்போது வயது இருபத்தேழு. அவரே பின்னாளில் உலகம் போற்றிய வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர். ‘எதிர்நீச்சல்’ தந்த கே. பாலசந்தர் வேறு, இவர் வேறு. திருவனந்தபுரத்தில் படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நாம் இவரை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

குருவில்லாத பிள்ளை

பாலசந்தர் 1927 ஜனவரி 18-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வழக்கறிஞர், கலைப்பித்து மிக்கவர். பாபநாசம் சிவன் போன்ற இசைவாணர்களின் நட்பு அவ்வீட்டிற்கு இருந்தது. மூத்தவர் எஸ். ராஜம் பின்னாளில் பாடகராகவும் ஓவியராகவும் புகழ் பெற்றார். 1934-இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்திற்காக அக்குடும்பமே கோலாப்பூருக்குப் பயணமாயிற்று. ராஜம் இராமன், சகோதரி ஜெயலட்சுமி சீதை, தந்தை ஜனகர். உடன்பிறந்தார் இருவரை இராமனும் சீதையுமாக நடிக்க விட்டது தகுமா என்று வைதிகர்கள் முகம் சுளித்தனர். அப்படத்தில் இராவணன் சபையில் வாத்தியம் வாசிக்கும் சிறுவனாகத் தோன்றிய ஏழு வயதுப் பாலகன்தான் நம் பாலசந்தர்.

கஞ்சிரா, தபலா, மிருதங்கம், ஆர்மோனியம், தில்ரூபா, சிதார் என்று கைக்குக் கிடைத்த வாத்தியங்களையெல்லாம் அப்பிள்ளை வசப்படுத்திக் கொண்டது. யாரும் உட்கார வைத்துப் பாடம் சொல்லவில்லை. கேட்டதை வாசித்தான், வாசித்ததைத் தானே திருத்திக் கொண்டான். 1941-இல் ‘ரிஷ்யசிருங்கர்’ படத்தில், பெண்முகம் காணாமல் காட்டில் வளரும் முனிகுமாரனின் இளம்பருவ வேடம் அவருக்குக் கிடைத்தது. பதினைந்து வயதிற்குள் சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராக அமர்ந்துவிட்டார். பின்னர் வீணையைத் தொட்டார். அதற்கும் குரு இல்லை. சில ஆண்டுகளுக்குள் கச்சேரி செய்யும் அளவிற்கு உயர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாருக்கும் கட்டுப்படாத மேதைப் பிள்ளை என்றால் பெற்றோருக்குப் பெருமை; ஊராருக்குச் சற்று அச்சம். ஆசான் தலையில் குட்டாத பிள்ளை எங்கே போய் முடியும் என்ற கவலை நம்மவர்க்கு எப்போதும் உண்டு. பாலசந்தரின் வாழ்க்கை முழுவதும் அக்கவலைக்கு ஒரு விடை என்று சொல்லலாம். அவ்விடை முற்றிலும் இனிப்பானதும் அன்று, முற்றிலும் கசப்பானதும் அன்று.

படித்தவனின் துரோகம்

1948-இல் ‘இது நிஜமா?’ என்ற படத்தில் இரட்டை வேடம் ஏற்றுக் கதாநாயகனாக நடித்தார். அவ்வாண்டே ‘என் கணவர்’ படத்தை இயக்கினார். 1951-இல் ‘கைதி’. இவையெல்லாம் ஒத்திகை என்று சொல்லும்படி ஏ. வி. எம். நிறுவனத்திற்காக ‘அந்த நாள்’ எடுத்தார்.

கதை 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய சமயத்தில் நடக்கிறது. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, அண்டை வீட்டுக்காரர், ஆசைநாயகி ஆகிய ஐவர் மேலும் சந்தேகம். ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கதை. ஒவ்வொரு கதையிலும் வேறொரு ராஜன். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950-இல் எடுத்த ‘ரஷோமோன்’ படத்தின் முறை இது. ராஜனாகச் சிவாஜி கணேசனும் மனைவியாகப் பண்டரிபாயும் நடித்தனர். துப்பறியும் அதிகாரியாக வந்த ஜாவர் சீதாராமனே வசனமும் எழுதினார். கொலையாளி யாரென்று இங்கே நான் சொல்லப் போவதில்லை. இன்னும் பாராத நண்பர்கள் பார்த்துத் தெரிந்து கொள்ளட்டும்.

அறிவியல் மாணவனான எனக்கு இப்படத்தில் உறுத்துவது கொலை அன்று, ராஜன்தான். அவன் பிறவியிலேயே தீயவன் அல்லன். அறிவுள்ளவன், புதிதாக ஒன்றைச் செய்து காட்டும் திறம் படைத்தவன். தன் நாட்டில் அத்திறமைக்கு ஆதரவு கிட்டாமற் போகவே, பகைவனுக்கு இரகசியம் விற்கத் துணிகிறான். அதற்கு அவன் சொல்லிக்கொள்ளும் நியாயங்கள் தெளிவானவை, அடுக்கானவை. அவனிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. பிறர் துன்பத்தை உணரும் ஓர் இழை மட்டும் அறுந்து போயிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் புறக்கணிப்பைச் சந்திக்கும் மாணவர் எவரும் ராஜனை வெறும் வில்லன் என்று தள்ளிவிட முடியாது. மார்ச்சின் நாவல் தீமைக்கு இரத்தத்தைக் காரணம் காட்டிற்று. பாலசந்தரின் படம் தானே செய்துகொண்ட முடிவைக் காரணம் காட்டிற்று.

இன்றைய மனோதத்துவம் இரண்டுக்கும் இடம் தருகிறது. இரக்கமும் குற்ற உணர்வும் குன்றிய பிள்ளைகள் உண்மையிலேயே சிலர் உண்டு; அதில் பரம்பரைக்குப் பங்குண்டு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் அறிஞர்கள் குழந்தைக்குக் கொலைகாரன் என்று முத்திரை குத்துவதில்லை. நடத்தைக் கோளாறு என்றே குறிக்கிறார்கள். வீட்டின் அன்பும் ஒழுங்கும் அப்பிள்ளையை மாற்றக்கூடும் என்பதே காரணம். பிற்காலத் தமிழ்ப் படங்களும் இவ்வழியிலேயே சென்றன. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) ஆகிய இரண்டும் கொலைகாரனின் பிள்ளைப் பருவத்திற்குள் சென்று, அங்கே அவன் பட்ட காயத்தைத் தேடுகின்றன.

‘அந்த நாள்’ முதல் வெளியீட்டில் பணம் தரவில்லை. பாட்டில்லாத படமா என்று மக்கள் ஏமாந்தனர். பின்னர் தேசிய அளவில் தகுதிச் சான்று கிடைத்தது. காலம் செல்லச் செல்லப் பெருமையும் கூடிற்று.

பொம்மை

1962-இல் ‘அவனா இவன்’ வந்தது. 1964-இல் வந்த ‘பொம்மை’யில்தான் அவர் நம் பொருளுக்கு மிக அருகில் வருகிறார். தொழிற் பங்காளியைக் கொல்லத் திட்டமிடும் ஒருவன், நடக்கும் பொம்மை ஒன்றினுள் வெடிகுண்டை வைக்கிறான். பொம்மை இடம் மாறிவிடுகிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. வாங்குகிறவர் அனைவரும் அதன் அழகைக் கண்டு மகிழ்கின்றனர். பார்க்கிற நமக்கு மட்டும் உள்ளே இருப்பது தெரியும். ஹிட்ச்காக் 1936-இல் எடுத்த ‘சபடாஜ்’ படத்தில், வெடிகுண்டு என்றறியாமல் பொட்டலத்தைத் தூக்கிச் செல்லும் சிறுவன் பேருந்தோடு மாய்ந்து போகிறான். குழந்தையைப் பழிகாரனாக்க நம் நாட்டார் மனம் ஒப்பாது என்பதை அறிந்தோ என்னவோ, பாலசந்தர் குழந்தை முகத்தைப் பொம்மைக்குக் கொடுத்துவிட்டார். களங்கமற்ற தோற்றத்தினுள் நாசம் இருக்கிறது என்ற அச்சம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அப்படத்திற்கு இசையும் அவரே. பொம்மையைப் பற்றிய தத்துவப் பாட்டு ஒன்றைப் பாட ஓர் இளைஞரை அழைத்தார். அவர்தாம் கே. ஜே. யேசுதாஸ். நம் நகரத்து இசைக் கல்லூரியில் சேர்ந்து, பணமுடையால் படிப்பை முடிக்க இயலாமற் போனவர். தமிழ்த் திரையுலகிற்கு அக்குரல் அறிமுகமானது பாலசந்தரின் படத்தால்.

1970-இல் வெளியான ‘நடு இரவில்’ அவருடைய கடைசிப் படம். தனித்த மாளிகை, ஒருவர்பின் ஒருவராக மடியும் உறவினர். அத்தோடு திரைக்கு வணக்கம் சொல்லிவிட்டு வீணையோடு அமர்ந்தார். ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களை வரவழைக்கும் அவர் வாசிப்பு தனிப்பாணியாயிற்று. 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்து இசைத்தட்டுகளாக்கினார். 1982-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

நம் நகரத்தோடு ஒரு வழக்கு

முன்னே சொன்ன தனிக் காரணத்திற்கு வருகிறேன். நான் குடியிருக்கும் சாலைக் கடைத்தெருவிலிருந்து மேற்கே நடந்து கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்தால் பத்மநாபசுவாமி கோயில். அதையொட்டி நவராத்திரி மண்டபம். ஆண்டுதோறும் ஒன்பது இரவும் அங்கே சுவாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனைகள் ஒலிக்கும். அம்மன்னர் (1813–1846) வாக்கேயகாரர் என்னும் புகழையே பாலசந்தர் 1980-களில் மறுத்தார். அப்பாடல்கள் அவருடையவை அல்ல, இருபதாம் நூற்றாண்டில் கட்டியெழுப்பப்பட்ட பெருமை அது என்று எழுதினார், வாதாடினார். இந்நகரம் அதனால் புண்பட்டது. இன்றும் சாலையில் பழைய இசை ரசிகர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் முகம் மாறுவதைக் காண்கிறேன்.

இதைத் தமிழர், மலையாளி என்ற சச்சரவாக எண்ணுவது பிழை. சுவாதித் திருநாள் அவையை அலங்கரித்த வடிவேலு தஞ்சைத் தமிழர். அரண்மனை ஆதரவில் அப்பாடல்களுக்கு மெட்டமைத்துப் பரப்பிய ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், பின்வந்த செம்மங்குடி சீனிவாச ஐயரும் தமிழர்களே. செம்மங்குடியே பாலசந்தரை எதிர்த்தவர்களில் முதல்வர். வழக்காடியவரும் தமிழர், மறுத்தவரும் தமிழர்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். எந்த மெட்டு மன்னர் காலத்தது, எது பின்னர் அமைக்கப்பட்டது, எந்தச் சுவடி எதைச் சொல்கிறது என்று அவர் கேட்ட கேள்விகள் நேர்மையானவை. அறிவியல் படிப்பவன் அவற்றைக் கேட்காதே என்று சொல்ல முடியாது. ஆனால் மெட்டு பிற்காலத்தது என்பதால் சாகித்தியமும் பொய் என்று ஆகிவிடாது. பத்மநாப முத்திரை தாங்கிய பாடல்களையும் பழைய பதிவுகளையும் காட்டியவர்களுக்கு முழு விடை தராமலே அவர் மறுப்பு முடிந்த முடிபுக்குத் தாவிற்று. எல்லாப் பொம்மைக்குள்ளும் வெடிகுண்டு இருக்கிறதோ என்று ஐயுறுவது மர்மப் பட இயக்குநருக்கு அழகு. வரலாறு எழுதுபவருக்கு அது போதாது.

ஆயினும் ராஜனுக்கும் அவனைப் படைத்தவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறக்கலாகாது. ராஜன் இலாபத்திற்காகத் துரோகம் செய்தான். பாலசந்தர் தாம் உண்மை என்று நம்பியதற்காகச் சங்கீத உலகின் நட்பையும் நற்பெயரையும் இழக்கத் துணிந்தார். குட்டு வாங்காமல் வளர்ந்த அந்தப் பிள்ளையிடம் பிடிவாதம் இருந்தது, கடுமை இருந்தது, மனச்சாட்சியும் இருந்தது.

கச்சேரிக்காகப் பிலாய் நகரம் சென்றிருந்தபோது 1990 ஏப்ரல் 13-இல் மாரடைப்பால் காலமானார். ‘அந்த நாள்’ வெளியாகிச் சரியாக முப்பத்தாறு ஆண்டுகள்.

நம் சங்கத்தில் இவருடைய படத்தை மாட்டலாமா, கூடாதா என்று நண்பர்களிடையே பேச்சு நடக்கிறது. மாட்டலாம் என்பேன். சுவாதித் திருநாள் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டலாம். கேள்வி கேட்டவரையும் கேட்கப்பட்டவரையும் ஒரே சுவரில் வைத்து மதிக்கத் தெரிந்த கூட்டத்தில் ராஜன்கள் தோன்றுவது அரிது.