கிங் கேம்ப் ஜில்லெட் சரித்திரம்

உலகத்துப் பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் வாளேந்திய வீரரையும், செங்கோலேந்திய வேந்தரையும், ஏடேந்திய புலவரையுமே எடுத்துக்கொள்வர். மாந்தர் நாள்தோறும் கையாளும் சிறு கருவிகளை ஆக்கித் தந்தோரின் வரலாறு ஏட்டில் ஏறுவது அரிது. கண்ணுக்குப் பழகிப்போன பொருளின் பின்னே ஒருவர் பல்லாண்டு உழைத்திருக்கின்றார் என்னும் நினைவு நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. அத்தகைய சிறு பொருள்களுள் ஒன்று, நாம் பிளேடு என வழங்கும் மெல்லிய சவர அலகு. அதனை ஆக்கியவர் அமெரிக்க நாட்டினராகிய கிங் கேம்ப் ஜில்லெட் என்பார்.

அடைப்பத்தையும் கத்தியையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவந்த நம் மருத்துவர் குலத்தார்க்கு இவர் சரித்திரம் இருவகையால் அறியத்தக்கது. நம் தொழிலில் ஒரு பகுதியை நம் கையினின்றும் வாங்கிக்கொண்டவர் இவர். நம் கைக்கு ஒரு புதுக் கருவியைத் தந்தவரும் இவரே. ஆதலின் இவர் நமக்குப் பகைவரோ, நட்பினரோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அதற்கு விடை இவர் சரித்திரத்தினுள்ளே கிடப்பதால், முதற்கண் அதனைச் சுருக்கமாகக் கூறுவாம்.

முன்னிருந்த நிலை

பழைய சவரக்கத்தி, உலையிற் காய்ச்சி அடித்த கனத்த எஃகினால் ஆயது. அதனை நாள்தோறும் தோல்வாரில் தீட்டல் வேண்டும். சின்னாட்களுக்கு ஒருமுறை சாணைக்கல்லில் நீர்விட்டுக் கூராக்கல் வேண்டும். வெந்நீரால் மயிரை மெதுவாக்கி, சவர்க்கார நுரையைத் தூரிகையால் தேய்த்தேற்றி, தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் கத்தியை உரிய சாய்வில் ஓட்டி, முடிவில் படிகாரத்தால் தடவிக் குருதியை அடக்குதல் ஆகிய இவை யாவும் பல்லாண்டுப் பயிற்சியால் வருவன. ஆதலின் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ள அஞ்சியோரே எந்நாட்டிலும் மிகுதியாக இருந்தனர்.

இவ்வச்சத்தைப் போக்க முயன்றோர் ஜில்லெட்டுக்கு முன்னும் சிலர் உளர். நம் காரைக்கால் 1954-ஆம் ஆண்டு வரையில் பிரெஞ்சு ஆளுகையில் இருந்த நாடாதலின், அவருள் ஒரு பிரெஞ்சுக்காரரை முதலில் நினைத்தல் பொருந்தும். பாரிஸ் நகரத்துக் கத்திவினைஞராகிய ழான் ழாக் பெரே என்பார், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கத்தியின் வாய் தோலில் ஆழப் பதியாதவாறு மரக்காப்பு ஒன்று அமைத்தார். ஒருவன் தானே சவரம் செய்துகொள்ளும் முறையைப் பற்றி நூலும் எழுதினார். 1880-ஆம் ஆண்டளவில் நியூயார்க் நகரத்துக் காம்ப்ஃபே சகோதரர் காப்புடைய கத்தி ஒன்றை விற்கத் தொடங்கினர். ஆயினும் இவையனைத்திலும் அலகு பழைய கனத்த அலகே. தீட்டும் தொல்லை தீர்ந்தபாடில்லை.

பிறப்பும் இளமையும்

ஜில்லெட் 1855-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஃபாண்டுலாக் என்னும் ஊரிற் பிறந்தார். சிகாகோ நகரில் வளர்ந்தார். 1871-ஆம் ஆண்டு அந்நகரை எரித்த பெருந்தீயில் இவர் குடும்பத்தின் பொருள்களெல்லாம் அழிந்தன. அப்பொழுது இவர்க்கு வயது பதினாறு. கல்லூரி ஏறும் வாய்ப்பின்றி, ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் தொழிலை மேற்கொண்டார். இவர் அன்னையார் ஊக்கம் மிக்கவர். 1887-ஆம் ஆண்டு வெளிவந்து பல்லாண்டு விற்ற சமையல் நூல் ஒன்றின் ஆசிரியர். புதியன புனையும் ஆர்வம் அவ்வில்லத்தில் குடிகொண்டிருந்தது. ஜில்லெட்டும் சிறு சிறு கருவிகள் சிலவற்றை ஆக்கி உரிமைப் பத்திரம் பெற்றார். எனினும் அவற்றால் பொருள் வரவில்லை. நாற்பதாம் பிராயம் வரையில் அவர் ஊர் சுற்றும் விற்பனையாளராகவே இருந்தார்.

எண்ணம் உதித்தது

அக்காலத்து அவர் வேலை பார்த்தது வில்லியம் பெயின்டர் என்பாரிடத்தில். புட்டிகளின் வாயை மூடும் தகரமூடியைக் கண்டுபிடித்தவர் அப்பெயின்டர். ஒருமுறை பயன்படுத்தியபின் எறியப்படுவதும், மீண்டும் வாங்கப்படுவதுமாகிய பொருள் ஒன்றை ஆக்குக என அவர் ஜில்லெட்டுக்கு அறிவுரை கூறினாராம். அவ்வுரை ஜில்லெட்டின் உள்ளத்தில் ஊன்றிக் கிடந்தது. 1895-ஆம் ஆண்டு கோடையில், பாஸ்டன் நகரை அடுத்த புரூக்லைன் என்னும் ஊரில், ஒரு நாட்காலை அவர் சவரம் செய்யப் புகுந்தபோது கத்தி மழுங்கியிருந்தது. தோல்வாரால் தீராத மழுக்கம் அது. சாணைக்குச் சென்றே தீரவேண்டிய நிலை. மயிரை அறுப்பது கத்தியின் நுனிவாய் ஒன்றேயன்றோ? அதன் பின்னுள்ள கனத்த எஃகு முழுதும் அவ்வாயைத் தாங்குதற்கு மாத்திரம் உள்ளது. தாங்குதலைப் பிடி செய்யுமாயின், அலகு காகிதம்போல் மெல்லியதாக இருந்தாற் போதும், விலை குறையும், மழுங்கினால் எறிந்துவிடலாம். இவ்வெண்ணம் ஒரு கணத்தில் அவர்க்கு முழுவுருவாய்த் தோன்றியது.

ஆறாண்டு இடர்

எண்ணம் ஒரு கணத்தில் வந்தது. அதனைப் பொருளாக்க ஆறாண்டு சென்றது. எஃகினைக் கடினமாக்கக் காய்ச்சித் தோய்த்தல் வேண்டும். மெல்லிய தகடோ, அவ்வாறு தோய்த்தால் நெளிந்து போகும். எஃகு நூல் வல்லோர் பலரை ஜில்லெட் அணுகினார். அவர்கள் இஃது ஆகாத காரியம் எனக் கைவிரித்தனர். கற்றோர் ஆகாது என்றதனைக் கல்லாதவராகிய இவர் விடவில்லை. தாம் எஃகு நூல் கற்றிருந்தால் தொடக்கத்திலேயே விட்டொழித்திருக்கக்கூடும் எனப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தனர்.

முடிவில் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறிவல்லார் அவருடன் சேர்ந்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்றவர் அவர். தகட்டைக் கடினமாக்கும் முறையையும், இருபுறமும் கூராக்கும் பொறியையும் அவரே வகுத்தார். ஆதலின் இவ்வலகின் புகழில் சரிபாதி நிக்கர்சனுக்கு உரியது. ஆயினும் உறைமேல் அச்சான முகம் ஜில்லெட்டினுடையதே. 1901-ஆம் ஆண்டு கம்பெனி தொடங்கப்பெற்றது. உரிமைப் பத்திரம் 1904-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் கிடைத்தது.

செல்வமும் போரும்

விற்பனை தொடங்கிய 1903-ஆம் ஆண்டில் விலைபோனவை 51 கத்திகளும் 168 அலகுகளுமே. அடுத்த ஆண்டிலோ 90,000-க்கு மேற்பட்ட கத்திகள் விலைபோயின. கத்தியின் விலை ஐந்து டாலர். அக்காலத் தொழிலாளி ஒருவரின் வாரக்கூலியில் ஏறத்தாழப் பாதி. இருந்தும் மக்கள் வாங்கினர். ஒவ்வோர் அலகின் உறையிலும் மீசையுடைய ஜில்லெட்டின் முகமும் கையொப்பமும் பொறிக்கப்பட்டமையால், உலகில் மிகப் பலர் கண்டறிந்த முகங்களுள் ஒன்றாயிற்று அவர் முகம்.

முதல் உலகப் போர் இதனைப் பன்மடங்கு பெருக்கியது. அமெரிக்கா 1917-ஆம் ஆண்டு போரில் இறங்கியபின், அந்நாட்டு அரசாங்கம் தன் வீரர்க்கென 35 லட்சம் கத்திகளும் மூன்று கோடிக்கு மேற்பட்ட அலகுகளும் வாங்கியது. நச்சுப்புகைக்கு அஞ்சி அணியும் முகமூடி தோலோடு ஒட்டி நிற்றற்குத் தாடி தடையாதலின், மழித்த முகம் படைக்குத் தேவையாயிற்று. போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர் அக்கத்தியையும் அப்பழக்கத்தையும் உடன்கொண்டு சென்றனர். நாட்சவரத்திற்கு நாவிதர் கடையை நாடும் வழக்கம் மேனாடுகளில் குன்றத் தொடங்கியது.

அப்போர்க்காலத்தே நிகழ்ந்த இன்னொன்றும் நம்மவர் கருதத்தக்கது. தூரிகைக்கு உரிய உயர்ந்த மயிர் கிடைத்தல் அரிதானமையால், நன்கு தூய்மை செய்யாத குதிரைமயிரால் தூரிகைகள் செய்து விற்றனர். அவற்றின் வழியே ஆந்த்ராக்ஸ் என்னும் கொடுநோய் முகத்திற் பற்றிப் பலர் துன்புற்றனர், இறந்தோரும் உளர். கத்தி புதியதாயினும், உடனுள்ள கருவி தூயதன்றாயின் தீங்கே விளையும் என்பதற்கு இது சான்று.

அவர் கண்ட கனவு

ஜில்லெட்டைப் பொருளாசை ஒன்றே உடையவர் எனக் கருதலாகாது. சவர அலகின் எண்ணம் தோன்றுவதற்கு ஓராண்டு முன்னரே, 1894-ஆம் ஆண்டில், அவர் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். வணிகர் ஒருவரோடொருவர் போட்டியிடுவதே வறுமைக்கும் வீணுக்கும் காரணம் என்பதும், தொழில்களெல்லாம் மக்கள் யாவர்க்கும் உரிய ஒரே சங்கத்தின்கீழ் வருதல் வேண்டும் என்பதும் அதன் கருத்து. நயாகரா அருவியின் ஆற்றலால் இயங்கும் ஒரு மாபெரும் நகரில் மக்கள் சமமாக வாழ்தலை அவர் மனக்கண்ணாற் கண்டார். செல்வம் வந்தபின்னும் அக்கனவை மறந்தாரல்லர். 1910-ஆம் ஆண்டில் அத்தகைய உலகச் சங்கத்திற்குத் தலைவராயிருக்கப் பத்து லட்சம் டாலர் தருவதாக, முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டை வேண்டினார். ரூஸ்வெல்ட் இசையவில்லை. போட்டியை வெறுத்தவர், தம் கம்பெனியின் பொருட்டுப் போட்டியிலேயே வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தது விந்தையே.

இறுதிக்காலம்

கம்பெனியின் ஆட்சி நாளடைவில் பங்குதாரர் பிறர் கைக்குச் சென்றது. ஜில்லெட் கலிபோர்னியா சென்று நிலமும் தோட்டமும் வாங்கினார். 1929-ஆம் ஆண்டின் பெருவீழ்ச்சியில் பங்குகளின் விலை சரிந்து, அவர் செல்வமும் பெரும்பாலும் கரைந்தது. 1932-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், தம் எழுபத்தேழாம் பிராயத்தில் அவர் காலமானார். அவர் பெயர் தாங்கிய கம்பெனி 2005-ஆம் ஆண்டில் வேறொரு பெருங்கம்பெனியுடன் இணைந்தது. பெயர் மாத்திரம் இன்றும் வழங்குகின்றது.

பகைவரோ, நட்பினரோ?

இனி, தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு வருவாம். வீட்டிலேயே சவரம் செய்துகொள்வோர் பெருகியமையால் நம்மவர் வரும்படியில் ஒரு பகுதி குறைந்தது உண்மை. அதனை மறைத்தல் வேண்டா. ஆயினும் குறைந்தது வரும்படி ஒன்றுதானா என எண்ணுதல் வேண்டும். சோழமண்டலத்து ஊர்களில் நம் முன்னோர் குடிமகன் என்னும் பெயரால், அழைத்த வீட்டின் புறக்கடைக்குச் சென்று பணி செய்தனர். நம் பெண்டிர் மருத்துவச்சியராய்ப் பிள்ளைப்பேறு பார்த்தனர். கூலியோ, அறுவடையில் களத்துமேட்டில் அளந்த நெல். அளப்பவன் மனம்போல் அளந்தான். வரமாட்டேன் எனச் சொல்லும் உரிமை நம்மவர்க்கு இல்லை. தன் முகத்தைத் தானே மழிக்க இயலாதவன், மழிப்பவனைக் கட்டிவைத்தான். தானே மழித்துக்கொள்ளும் கருவி வந்தபின் அக்கட்டின் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கல்வியும் சட்டமும் நம்மவர் முயற்சியும் ஏனைய முடிச்சுகளை அவிழ்த்து வந்தன. இன்று நம்மவர் கடைக்கு வருவோர் வேண்டி வருகின்றனர். விலையைச் சொல்பவர் நம்மவர்.

மேலும், நம்மை நீக்கவந்த அலகு நம் கையிலேயே வந்தடைந்தது. பூவம் முதல் காரைக்கால் வரையில் பெருவழியோரத்துச் சவரக்கடைகளை நோக்குக. ஜில்லெட் வகுத்த இருவாய் அலகை உறையோடு நடுவே ஒடித்துப் பாதியாக்கி, மடக்குக் கத்தியின் பிடியிற் செருகியே நம்மவர் தொழில் செய்கின்றனர். மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு கனமுள்ள அத்தகட்டை ஓட்டுவது நம் முன்னோர் பயின்ற அதே கை. இல்லங்களிலோ பல அலகுகள் சேர்ந்த புதுக் கத்திகளும் மின்கருவிகளும் புகுந்துவிட்டன. தனித்த அலகு நம் கடைகளில் நிலைபெற்றது. வெந்நீரும், நுரையும், தோலை இழுத்துப் பிடிக்கும் விரலும், படிகாரமும் அன்று இருந்தவாறே உள்ளன. ஜில்லெட் மாற்றியது எஃகை மாத்திரமே.

அவர் விற்பனைக்கென வகுத்த எறிதல் என்னும் முறை, நமக்கோ அறமாய் அமைந்தது. ஒருவர் குருதி பட்ட அலகு மற்றொருவர் மேற் பட்டால் மஞ்சட்காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் பரவக்கூடும். பழைய கத்தியை ஒவ்வொருவர்க்கும் கொதிக்க வைத்தல் எளிதன்று. அலகையோ ஒவ்வொருவர்க்கும் மாற்றலாம். ஆதலின் வந்தவர் கண்காணப் புது உறை பிரித்து அலகு செருகுதலை நம்மவர் ஒவ்வொருவரும் விரதமாகக் கொள்ளல் வேண்டும். ஒரு பாதி அலகின் விலையை மிச்சம் பிடித்துக் குலத்தின் நற்பெயரை இழத்தல் தகாது. எறியும் அலகைத் தெருவிலோ குப்பையிலோ இடாமல், மூடியுள்ள தகரப் பெட்டியிற் சேர்த்துவைத்தல் வேண்டும். குப்பை அள்ளுவோரும் நம்போல் கையால் உழைப்போரே.

ஜில்லெட் நம் நலம் கருதித் தொழில் செய்தவர் அல்லர். நம் கேடு கருதியவரும் அல்லர். தீயில் எல்லாம் இழந்த இல்லத்தின் பிள்ளை, நாற்பது வயது வரையில் ஊர் சுற்றியும் மனம் தளராது, வல்லோர் கைவிரித்த காரியத்தை முடித்தார். அவர் ஆக்கிய கருவியைக் கண்டு அஞ்சி ஒதுங்காது, ஒடித்துத் தம் பிடியிற் செருகிக்கொண்ட நம் முன்னோரின் அறிவும் அவ்வூக்கத்தோடு ஒப்பவைத்துப் போற்றத்தக்கது. இவ்விரண்டையும் சங்கத்து அன்பர்கள் தம் பிள்ளைகட்குப் படித்துக் காட்டுவாராக.