இணைகோடுகளைக் கேள்வி கேட்டவர்



கணக்குப் பாடத்தில் இணைகோடுகள் படிக்கிறோம் அல்லவா? தண்டவாளம் மாதிரி எவ்வளவு தூரம் போனாலும் சந்திக்காத கோடுகள். அந்தக் கோடுகளுக்காகவே கேலியைத் தாங்கிய ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் நிகோலாய் லோபசெவ்ஸ்கி.

1792-ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று ரஷ்யாவில் நிஷ்னி நோவ்கோரோட் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா மூன்று பையன்களையும் கூட்டிக்கொண்டு கசான் நகரத்துக்குப் போய், அரசாங்கச் செலவில் படிக்க வைத்தார். 1807-இல் கசான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது நிகோலாய்க்கு வயது 14தான். எங்க வகுப்பு வயசு! பிறகு அங்கேயே பேராசிரியர் ஆனார்.

இப்போது நோட்டில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேலே ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்துக்கோடு இறக்குங்கள். அந்தச் செங்குத்துக்கோட்டுக்கு 90 டிகிரியில், புள்ளி வழியாக இன்னொரு கோடு போடுங்கள். இது முதல் கோட்டுக்கு இணை. இதைத் துளி சாய்த்தாலும் போதும், எங்காவது போய் முதல் கோட்டைத் தொட்டுவிடும். ஆகவே ஒரு புள்ளி வழியாக ஒரே ஒரு இணைகோடுதான். கிரேக்க அறிஞர் யூக்ளிட்டின் வடிவியல் இப்படித்தான் சொல்கிறது. இதை மற்ற விதிகளிலிருந்து நிரூபிக்க 2000 வருஷமாக எத்தனையோ பேர் முயன்றார்கள். யாராலும் முடியவில்லை.

லோபசெவ்ஸ்கியும் முயன்றார். பிறகு மாற்றி யோசித்தார். கொஞ்சம் சாய்த்த பிறகும் தொடாமலே போனால் என்ன ஆகும்? அப்படியே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். தப்பு எதுவும் தட்டுப்படவில்லை. ஒரு புதிய வடிவியலே பிறந்தது! அதில் ஒரு புள்ளி வழியாக எண்ணற்ற கோடுகள் முதல் கோட்டைச் சந்திக்காமல் போகும். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரிக்குக் குறைவாக வரும்.

1826-இல் இதைப் பல்கலைக்கழகத்தில் எடுத்துச் சொன்னார். 1829-இல் அச்சில் வந்தது. பெரிய அறிஞர்கள் ஒதுக்கினார்கள். 1834-இல் ஒரு பத்திரிகை கிண்டலே செய்தது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1827 முதல் 19 வருஷம் பல்கலைக்கழகத் தலைவராக உழைத்தார். 1830-இல் காலரா வந்தபோது, பலரைக் குடும்பத்தோடு வளாகத்துக்குள் அழைத்து, கதவை மூடிக் காப்பாற்றினார். ஜெர்மனியின் கணித மேதை காஸ் அவர் நூலைப் படித்து வியந்தார். அதே எண்ணம் ஹங்கேரியில் போயாய் என்பவருக்கும் தனியாகத் தோன்றியிருந்தது.

1846-இல் பதவி போனது. மூத்த மகன் இறந்தான். கண் பார்வையும் போயிற்று. அப்போதும் விடவில்லை. தன் கடைசி நூலை வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். அது 1855-இல் வந்தது. 1856-இல் மறைந்தார். 1868-இல் இத்தாலியின் பெல்ட்ராமி, யூக்ளிட் வடிவியல் சரி என்றால் இதுவும் சரிதான் என்று காட்டினார். அதைப் பார்க்க அவர் இல்லை.

தோழிகளே, பரீட்சையில் மட்டும் யூக்ளிட் சொன்னதையே எழுதுங்கள்! நம் நோட்டுத் தாளுக்கு அதுதான் பொருந்தும். ஆனால் சிரிப்பார்களோ என்று பயந்து சந்தேகம் கேட்காமல் நான் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். இவரைப் பற்றிப் படித்த பிறகு, எழுந்து கேட்பது என்று முடிவு செய்துவிட்டேன். நீங்களும் கேளுங்கள்!